மடித்த நுனி

அந்தச் சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். மேசையின் தலைப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி அப்பா. அவருக்கு வலப்பக்கம் பெரியவன். அவனுக்கு அடுத்து அவன் மனைவி, எந்த நேரமும் எழுந்து போகத் தோதாக நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு. இடப்பக்கம், ஆஸ்பத்திரியிலிருந்து மாதாமாதம் வந்து பார்த்துவிட்டுப் போகும் நர்ஸம்மா, மடியில் பையோடு. அப்பாவுக்கு நேர் எதிரே, மேசையின் கடைசி நாற்காலியில் சின்னவள். நின்றது அம்மா, சமையலறை வாசலில். அவளுக்கும் ஒரு காலத்தில் நாற்காலி இருந்தது. இப்போது சின்னவள் உட்கார்ந்திருப்பது அதில்தான்.

எல்லார் முன்னாலும் தட்டு இருந்தது, அப்பாவைத் தவிர. அவர் முன்னால் அவருடைய இரண்டு கைகள் மட்டும் இருந்தன. இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

அந்தக் கைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெறும்வரை அவர் பெரிய பார்சல் ஆபீஸில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தவர். கண்ணாடிச் சாமானோ மருந்துப் பாட்டிலோ, எவனோ அவசரத்தில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்த கல்யாணப் பரிசோ, அவர் கை பட்டால் போதும். கப்பலில் உருண்டாலும் லாரியிலிருந்து விழுந்தாலும் உள்ளே இருப்பது அசையாது. ஆபீஸில் அவருக்கு ‘முடிச்சு’ என்று பட்டப்பெயர். வீட்டிலும் அவர் காது கேட்காத தூரத்தில் அதுதான் பெயர்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். குடலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வெட்டி எடுத்தது போக மிஞ்சியது ஒரு சாண் இருந்தால் அதிகம். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே வேறொரு வழி இருக்கிறது என்றார்கள். நெஞ்சில் ஒரு மெல்லிய குழாயைப் பதித்தார்கள். சாயங்காலமானால் பாலைப்போல வெளுத்த சத்துநீர்ப் பையை அந்தக் குழாயில் மாட்ட வேண்டும், ஒரு சின்ன மெஷின் அதைச் சொட்டுச் சொட்டாக ரத்தத்துக்குள் தள்ளும், விடிந்ததும் கழற்றிவிடலாம். பகல் முழுக்க அவர் எல்லாரையும் போலத்தான்.

வேலை பெரிதில்லை, ஆனால் சுத்தம் பெரிது. பையை முன்கூட்டியே பிரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிர் போக வைக்க வேண்டும். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தட்டைத் துடைத்து, குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, அதன்பிறகு எதிலும் படாமல் இணைக்க வேண்டும். கொஞ்சம் அசட்டையாக இருந்தால் கிருமி நேராக ரத்தத்துக்குள் போய்விடும். குளிர்க்காய்ச்சல் கட்டிலையே உலுக்கி எடுத்துவிடும். நோயாளியே கற்றுக்கொண்டு செய்துகொள்வதுதான் வழக்கம். இதே பையை மாட்டிக்கொண்டு ஒருத்தர் டாக்ஸி ஓட்டுகிறார், ஒரு டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுலா போய்வருகிறார் என்று நர்ஸம்மா வரும்போதெல்லாம் சொல்வாள். “அவங்களுக்கெல்லாம் கை நடுங்காது போலிருக்கு” என்று அப்பா பெருமூச்சு விடுவார்.

பெரியவனுக்குக் குழாயைப் பார்த்தாலே கண் இருட்டியது. அவன் மனைவிக்கு ஸ்பிரிட் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு வெள்ளெழுத்து. ஆக, படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த சின்னவள் தலையில் அது விடிந்தது. நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கைக்குப் பெரிய பெயர். வீட்டில், “இன்னைக்கு ஏன் டேப்பை இழுத்து ஒட்டின? மயிர் பிடுங்குது” என்பதோடு சரி.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சாப்பாட்டு நேரம்.

ருசிக்காகக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அப்பா மறுத்துவிட்டார். நாய்க்குப் போடுவதுபோல ஒரு துணுக்கு எனக்கு வேண்டாம் என்றார். ஆனால் மேசைக்கு வராமல் இருந்ததில்லை. தலைப்பக்கம் உட்கார்ந்து, எதிரே இருப்பவள் எடுக்கும் ஒவ்வொரு வாயையும் தட்டிலிருந்து தொண்டைவரை கண்ணாலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். உப்பு எப்படி என்பார். அவசரப்படாதே, நான் இன்னும் முழுங்கவில்லை என்பார். முட்டையை அப்படியா பிய்ப்பது, அதன் அருமை தெரிந்தவனுக்குக் கிடைக்கவில்லையே என்பார். பாதித் தட்டில் எழுந்தால், “எனக்குத்தான் கொடுத்து வைக்கல. உனக்கு என்ன கேடு?” என்பார். எதிரே ஆள் இல்லாவிட்டால் கூப்பிட்டு உட்கார வைப்பார். சின்னவளுக்கு முன்னால் சில மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்த அம்மாவுக்குச் சோற்றைக் கண்டாலே குமட்ட ஆரம்பித்து, சமையலறையில் நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்வது பழக்கமாகிவிட்டது. நர்ஸம்மா மாதாமாதம் நிறுத்துப் பார்ப்பாள். அந்த வீட்டில் எடை ஏறிக்கொண்டு வந்த ஒரே ஆள், சாப்பிடாத ஆள்தான்.

இந்த நிலையில்தான் சின்னவளுக்கு வேலை வந்தது. துறைமுக ஊரில், தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை போடும் கூடத்தில். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். தங்க அறையும் கொடுத்தார்கள். சம்மதக் கடிதத்தோடு படிப்புச் சான்றிதழ்களின் அசலைத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அனுப்பினால்தான் கெடுவுக்குள் போய்ச் சேரும். அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க இதைவிட்டால் வேறு வழி வராது என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். அவளுக்கு அது தெரியும் என்பது மேசையில் இருந்த மற்றவர்களுக்குத் தெரியாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், இந்த வேலைக்காகப் பக்கத்து ஊரில் நடந்த நேர்முகத்துக்கு அவள் வீட்டில் சொல்லாமல் போய்வந்த நாளன்று, திரும்பும் வழியில் பஸ் படுத்துவிட்டது. பை மாட்டும் நேரம் தாண்டி, மூச்சிரைக்க ஓடிவந்து பார்த்தால் அப்பா கட்டிலில் சாய்ந்திருக்கிறார், மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. நர்ஸம்மா வந்து போட்டுவிட்டுப் போனாள் என்றாள் அம்மா. உயிர் வந்தது சின்னவளுக்கு. காலையில் பையைக் கழற்றப் போனவள் நெஞ்சில் குழாயைப் பிடித்திருந்த டேப்பைப் பார்த்தாள். அதன் நுனி இரண்டு தடவை மடிக்கப்பட்டு, குட்டி முக்கோணமாக, நகம் கொடுத்துத் தூக்க வாகாக நின்றது. சின்ன வயதிலிருந்து அந்த வீட்டுக்குள் வந்துபோன ஒவ்வொரு பார்சலிலும் அவள் பார்த்த முக்கோணம். பிரிப்பவனுக்குச் சிரமம் வைக்கக்கூடாது என்பது முடிச்சின் தொழில் நியாயம். அந்த நுனியை மடிக்காமல் அவர் கை ஒரு டேப்பையும் விட்டதில்லை. ஆனாலும் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு நன்றி சொன்னாள். எதுக்கும்மா நன்றி, நான் அந்தப் பக்கமே வரலையே என்றாள் நர்ஸம்மா.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சத்தம் போட்டால், அவர் ஒரே வார்த்தையில் இல்லை என்பார், அம்மா ஆமாம் போடுவாள், பெரியவன் அவளைத்தான் கடிந்துகொள்வான். எல்லாரும் ஒரே மேசையில் உட்காரும் நாளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். தினமும் சாயங்காலம் கையைக் கழுவி, குழாயின் வாயைத் தேய்த்து, நடுங்கும் அந்தக் கைகளை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பையை மாட்டினாள்.

அந்த நாள் இது. கூட்டத்தைக் கூட்டியவன் பெரியவன்.

அவன் ஆரம்பித்ததே ஏறின குரலில்தான். பெற்றவரைத் தவிக்க விட்டுவிட்டுப் பிழைக்கப் போவதை ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டான். அடுத்த தெருவிலிருந்து சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்துபோகிறவன் அதைக் கேட்கலாமா என்பது அவனுக்குத் தோன்றவில்லை. இங்கேயே ஏதாவது கடையில் கணக்கு எழுதினால் போதாதா என்றாள் அவன் மனைவி. நர்ஸம்மா இடையில் புகுந்து, ஒருத்தர் கையை மட்டும் நம்பி இருப்பது எப்படியும் நல்லதில்லை, ஐயாவே இன்னொரு முறை முயன்று பார்க்கட்டும் என்றாள். பையிலிருந்து பழகுவதற்கான குழாயையும் மூடியையும் எடுத்து வைத்தாள்.

அப்பா எடுத்தார். விரல்கள் மழையில் நனைந்த குருவிபோல வெடவெடத்தன. மூடி மேசையில் விழுந்து, உருண்டு, பெரியவன் தட்டில் மோதி நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைகளை மடியில் இறக்கினார்.

“போகட்டும்ப்பா. யாரு தடுக்கிறா?” என்றார் பெரியவனைப் பார்த்து, ரொம்பத் தணிவாக. “என்னைக் கொண்டு போய் வார்டுல போட்டுடுங்க. அங்க பத்து கை மாறும். ஒரு காய்ச்சல் போதும் எனக்கு. அப்புறம் நீங்கள்லாம் நிம்மதியா சாப்பிடலாம்.”

பெரியவன் மனைவி மூக்கை உறிஞ்சினாள். பெரியவன் தங்கை பக்கம் திரும்பினான்.

“கேட்டியா? ஒரு உசுரு உன் கையில இருக்கு. அதையும் தராசுல வச்சு நிறுத்துப் பாக்கிறியா?”

சின்னவள் குனிந்தாள். காலடியில் இருந்த பையிலிருந்து சான்றிதழ்களையும் கடிதத்தையும் பழுப்புக் கவர் ஒன்றையும் பிளேடையும் டேப் சுருளையும் எடுத்து மேசையில் பரப்பினாள். ஆக முடிவு பண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்றான் அண்ணன். அவள் காதில் வாங்காமல் வேலையை ஆரம்பித்தாள்.

அவ்வளவு மோசமாக ஒரு கவரை யாரும் கட்டியிருக்க முடியாது. சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தாமல் அப்படியே திணித்தாள். ஒன்று பாதியில் சிக்கியது. கட்டைவிரலால் குத்தி உள்ளே தள்ளினாள். வாயை மடித்தபோது கோணிக்கொண்டது. டேப்பைப் பல்லால் கடித்து இழுத்தாள். அது முறுக்கிக்கொண்டு குறுக்கே ஒட்டியது. அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் ஒன்று, புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோல. தலையைத் தூக்கவே இல்லை. எதிரே ஒருவர் மூச்சு விடும் விதம் மாறியது மட்டும் அவளுக்குக் கேட்டது.

“அட்டை வை” என்றார் அப்பா.

“எதுக்குப்பா? தபால்ல பார்த்து எடுத்துட்டுப் போவாங்க.”

“பார்த்து எடுத்துட்டுப் போவாங்களா?” அப்பாவின் குரலில் பழைய ஆபீஸ் வந்து உட்கார்ந்துகொண்டது. “மூட்டையில போட்டு மிதிப்பான். மேல ஒருத்தன் இரும்புச் சாமானை எறிவான். அசலை எவளாவது இப்படி அனுப்புவாளா?”

“மடங்கினா மடங்கட்டும்.” இன்னொரு துண்டு டேப்பைப் பல்லால் கடித்தாள். எச்சில் பட்ட நுனியைக் கவரின் நடுவில் அறைந்து ஒட்டினாள்.

“கொடுடி இங்க.”

கவரை அவளிடமிருந்து பிடுங்கினார். முதலில் கோணல் டேப்பை எல்லாம் பிளேடின் நுனியால் கிளறி, காகிதம் கிழியாமல் உரித்தார். சான்றிதழ்களை எடுத்து மேசையில் தட்டி ஓரம் சேர்த்தார். மருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்று அலமாரியில் இருந்தது. பெரியவனுக்கு விரலால் காட்டி எடுக்க வைத்தார். அதிலிருந்து அட்டை வெட்டினார். அளவுகோல் இல்லை, பிளேடு கோடு பிசகாமல் ஒரே இழுப்பில் போனது. சான்றிதழ்களைவிட நூலளவு பெரிதாக இரண்டு அட்டை. நடுவில் காகிதங்கள், நான்கு முனையிலும் சின்னப் பிடிப்பு. கவருக்குள் இறக்கி, காற்றைத் தடவி வெளியேற்றி, வாயை மடித்து நகத்தால் நீவினார். டேப்பை இழுத்துக் கட்டைவிரலை அதன்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டினார். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு குமிழி இல்லை. அறுத்தார். கடைசியாக அந்த நுனியை எடுத்து ஒரு மடி, அதன்மேல் இன்னொரு மடி.

கவரை மேசையில் சின்னவளை நோக்கித் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோதுதான் யாரும் சாப்பிடாமல் இருப்பது அவருக்குப் பட்டது. நர்ஸம்மா கவரைப் பார்க்கவில்லை. அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா,” என்றாள் அவள், “ஒரு தடவைகூட நடுங்கலையே.”

அப்பா குனிந்து தன் கைகளைப் பார்த்தார். வலது கை, அழைப்பு வந்ததைத் தாமதமாகக் கேட்ட கூத்தாடிபோல, அப்போதுதான் ஆட ஆரம்பித்தது. இடது கைக்கு அதுவும் தோன்றவில்லை.

சின்னவள் மடித்த நுனியைத் தொட்டாள்.

“அன்னைக்கு நான் லேட்டா வந்தப்ப நர்ஸம்மா வரலைப்பா. உங்க நெஞ்சுல இதே நுனி இருந்துச்சு. உங்க கட்டு எது, மத்தவங்க கட்டு எதுன்னு எனக்குத் தெரியாதா?”

பெரியவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் அவனுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. அதுதான் அங்கே நடந்ததிலேயே அசிங்கம். இனிமேல் தன்னை யாரும் எதுவும் கேட்க முடியாது என்ற நிம்மதிச் சிரிப்பு. நாலு வருஷமா எல்லாருக்கும் படம் காட்டியிருக்கிறாரே, இவரை நாடகத்துக்கு அனுப்பியிருக்கலாம் என்று மனைவியின் தோளில் தட்டினான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. பயந்துபோய் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு, வெட்கப்பட ஒன்றும் இல்லை, இனி ஐயாவே நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதலாகச் சொன்னாள். அது சிரிப்பைவிட ஆழமாக இறங்கியதை அவர் முகத்தில் பார்க்க முடிந்தது.

சின்னவள் பார்த்தாள். இரண்டு மாதமாகப் பார்க்க நினைத்தது இதைத்தான். அவர் தட்டிலிருந்து தொண்டைவரை பார்ப்பாரே, அப்படி ஒன்று விடாமல் பார்த்தாள்.

சிரிப்பு அடங்கட்டும் என்று அப்பா காத்திருந்தார்.

“ஆமா, செஞ்சுக்கத் தெரியும்” என்றார். “ஆஸ்பத்திரியில சொல்லிக் கொடுத்த அன்னைக்கே தெரியும். தெரியும்னு சொல்லியிருந்தா? நீ இந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்திருப்பியாடா? இவ மறுநாளே பெட்டியைக் கட்டியிருப்பா. கை நடுங்கினதாலதான் இந்த மேசையில இத்தனை பேர்.”

பெரியவன் தட்டில் கையை வைத்தான், எடுத்தான். நர்ஸம்மா தன் குழாயையும் மூடியையும் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் ஒருமுறை அவரே மாட்டிக்கொள்வதை வந்து பார்ப்பதாகச் சொன்னாள். பயண நேரத்துக்கு மெஷினைத் தோளில் மாட்டும் பை இருக்கிறது, கொண்டுவருகிறேன், பூங்காவுக்குப் போகலாம், பழைய ஆபீஸ் நண்பர்களைப் பார்க்கப் போகலாம் என்றாள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கண் மட்டும் அவளைத் தாண்டி, சமையலறை வாசலில் நின்றது.

சின்னவள் கவரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பு சமையலறைக்குப் பின்கட்டில் கிடந்தது. அம்மாவைத் தாண்டும்போது அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கழுவிய பாத்திரத்தின் ஈரம் அந்தக் கையில் இருந்தது.

“ஏண்டி சொன்ன?”

“நர்ஸம்மா வந்தாங்கன்னு நீ ஏம்மா பொய் சொன்ன?”

அம்மா திரும்பி மேசையைப் பார்த்தாள். கடைசி நாற்காலி, அவளுடைய பழைய நாற்காலி, காலியாக இருந்தது. சின்னவள் தொடாத தட்டு அதன் முன்னால் அப்படியே இருந்தது.

“நீ எந்திரிச்சா அதுல யாரு உக்காருவா?” என்றாள் அம்மா. “எனக்குத் தொண்டையில இறங்காதுடி. உனக்காவது சின்ன வயசு, இறங்கிச்சு.”

சின்னவளுக்கு அப்போது ஒரு கணம் கவர் கனத்தது. நீயும் கூட வா என்று சொல்லியிருக்கலாம். ஒரு கட்டில் போடும் அறைதான் கொடுக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அது போதுமான காரணமாகவும் இருந்தது. மணிக்கட்டை மெதுவாக இழுத்துப் பார்த்தாள். அம்மா விடவில்லை. பிறகு வெடுக்கென்று இழுத்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

“வா, வந்து உக்காரு. சின்னவ தட்டு இருக்கு பாரு, எச்சில் படல. சாப்பிடு.”

ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு, “உப்பு எப்படி?”

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். தபால் ஆபீஸில் கூட்டமில்லை. கவுண்டரில் இருந்தவர் கவரை வாங்கி எடை பார்த்தார், இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தார். அது வளையவில்லை. நுனியில் நின்ற முக்கோணத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினார்.

“நம்ம ஆளு யாரோ கட்டினது மாதிரி இருக்கே. யாரும்மா?”

“அப்பா.”

“நல்லா இருக்காரா?”

“நல்லா இருக்காரு.”

அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, முத்திரையைக் கவரின்மேல் ஓங்கிக் குத்தி, திரும்பிப் பார்க்காமலேயே பின்னால் திறந்து கிடந்த மூட்டைக்குள் எறிந்தார். மூட்டை கட்டுகிற ஆள் வந்து, வாயைச் சேர்த்துப் பிடித்து, காலால் உள்ளே ஒரு மிதி மிதித்துவிட்டுக் கயிற்றைச் சுற்றினான்.